லட்சுமிநாராயணாவின் மூன்று வயலின்கள்: யாழ்ப்பாணம், கொழும்பு, 1958

எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் ஆகிய சகோதரர்கள் மூவரும் ஒரே மேடையில் வயலின் வாசித்த காலம் நீண்டதல்ல. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு தடத்தில் செல்கின்றன. ஒன்று, தந்தை வி. லட்சுமிநாராயணாவின் கனவைப் பிள்ளைகள் நிறைவேற்றிய குடும்பக் கதை. மற்றது, மேற்குலக மேடைகளை வென்ற இந்திய வயலினின் புகழ்க் கதை. இரண்டிலும் இலங்கைக்குக் கிடைப்பது ஒரு வரிதான். யாழ்ப்பாணத்தில் குடியிருந்தார்கள், தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தோடு சென்னைக்குத் திரும்பினார்கள் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்த வரியை விரித்துப் பார்த்தால் மூவர் வாசிப்பு ஏன் உருவானது, ஏன் அவ்வளவு விரைவில் மூன்றாகப் பிரிந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வயலினின் நிலை. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேற்கத்திய வாசிப்பைக் கற்று அந்தக் கருவியை நம் கர்நாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். குரலின் வளைவு நெளிவுகளை அறுபடாமல் தொடரும் வல்லமைதான் வயலினைக் கச்சேரியில் நிலைநிறுத்தியது. அந்த வல்லமையே அதற்குத் தளையாகவும் ஆயிற்று. பாடகர் விட்ட இடத்தை நிரப்புவதும், அவர் பாடியதைத் திருப்பிச் சொல்வதும், அவரை மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதும் பக்கவாத்தியக்காரரின் கடமைகள். துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938இல் வேலூரில் தனிக்கச்சேரி செய்தது இன்றும் தனியாகக் குறிப்பிடப்படும் நிகழ்ச்சி என்றால், அதற்கு முந்தைய நூறாண்டுகள் எப்படி இருந்தன என்று ஊகித்துக்கொள்ளலாம். 1911இல் பிறந்த லட்சுமிநாராயணா இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தவர். வயலின் தனித்து நிற்க வேண்டும், அதுவும் உலக மேடையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு யாழ்ப்பாணம் இடம் கொடுத்தது. அவர் அங்கே இசைப் பேராசிரியராகப் பணியாற்றினார். மனைவி சீதாலட்சுமி வாய்ப்பாட்டிலும் வீணையிலும் தேர்ந்தவர். மேலோட்டமாகப் பார்த்தால் இது சென்னையை விட்டு விலகிப்போன வாழ்க்கை. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. சென்னையில் வளரும் வயலின் சிறுவன் கை தேறியதும் யாராவது ஒரு பாடகருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்படுவான். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், சபாக்களின் படிநிலைக்கு வெளியே, தன் பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்தே தனி வாசிப்பாளர்களாக வளர்க்க யாழ்ப்பாணம் போன்ற ஊரில்தான் வாய்ப்பு அதிகம். மூன்றாம் மகன் சங்கர் முதன்முதலில் மேடையேறியது நல்லூர்க் கோயிலில், 7 வயதில். சுப்ரமணியமும் 6 வயதிலேயே பொது மேடையில் வாசித்துவிட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தியாவிலிருந்து இசையாசிரியர்கள் வந்த பாதை கொழும்பைத் தொட்டே வந்தது. இதில் கொழும்பின் கொட்டாஞ்சேனைக்கும் ஒரு பங்குண்டு. பொன்னம்பல முதலியார் 1850களில் அங்கே எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதுக்கிக் கட்டினார். தென்னிந்தியாவிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்த அதே கைதான் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913இல் பெண்கள் கல்லூரியையும் நிறுவியது. கலையில் தேர்ச்சி வேண்டுமென்றால் ஆளை அக்கரையிலிருந்து அழைப்பது என்பது அக்காலக் கொழும்புப் பிரமுகர்களின் வழக்கமாகவே இருந்தது.

வித்துவான்களின் பயணமும் ஒரு நிலையான வட்டமாக அமைந்திருந்தது. 1914 முதல் எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக் கோட்டைக்கு மீண்டும் ரயில். போட் மெயில் என்று இரு கரையிலும் அழைக்கப்பட்ட இந்தச் சேவை வயலினையும் மிருதங்கத்தையும் ஒரே பயணச்சீட்டில் கொழும்புக்குக் கொண்டுவந்தது. 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியது; 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. கோயில் திருவிழா, வானொலி நிகழ்ச்சி, கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரையிலான கொழும்புத் தமிழ் வட்டாரங்களின் கச்சேரிகள், தனிப்பட்ட வகுப்புகள் என்று இவை சேர்ந்தால்தான் ஒரு இசைக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் நிறைவாகும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனும் அந்த வட்டாரத்தின் பிற்கால அடையாளங்கள். யாழ்ப்பாணத்தில் குடியிருப்பதும் கொழும்போடு தொடர்பில் இருப்பதும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள்.

இதை மனதில் வைத்தால்தான் 1958 புரியும். வாழ்க்கைக் குறிப்புகள் கலவரம் என்று ஒரு சொல்லில் கடந்துபோகின்றன. ஆனால் அந்த ஆண்டு மே மாத வன்முறையின் களங்கள் பொலன்னறுவைப் பகுதியும் கொழும்பும் அதன் சுற்றுப்புறங்களும் தென்பகுதியும். கொழும்பில் முகாம்களில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதாவது யாழ்ப்பாணம் அப்போது மக்கள் ஓடிவந்து சேர்ந்த இடம். அங்கிருந்து ஒரு குடும்பம் வெளியேறியதற்குத் தாக்குதல் என்ற விளக்கம் மட்டும் போதாது. மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது, தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர் என்ற அடையாளம் இலங்கையில் ஏற்கெனவே நிச்சயமற்றதாகியிருந்தது. என் வாசிப்பில், இசைக் குடும்பங்களை அசைத்தது அந்தத் தொழில் வட்டம் அறுந்ததே. கொழும்பு வழி அடைபட்டால் வித்துவானுக்கு யாழ்ப்பாணமும் பாதியாகச் சுருங்கிவிடும். வெளியேறியபோது 1942இல் பிறந்த வைத்தியநாதனுக்கு 16 வயது. 1947இல் பிறந்த சுப்ரமணியம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தார். 1950இல் பிறந்த சங்கருக்கு 8.

சென்னையில் அவர்களுக்குக் காத்திருந்தது பக்கவாத்திய இருக்கை. சங்கர் செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற மூத்தோருக்கு வாசித்தார். சுப்ரமணியமும் செம்பையோடு மேடையேறினார். அது பெரும் பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை இலங்கையில் இருந்தபோது விலக்கிவைத்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மூவரும் சேர்ந்து வாசித்த கச்சேரியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மூன்று வயலின்கள் அமர்ந்த மேடையில் பக்கவாத்தியம் என்று சொல்ல ஒரு வயலின்கூட இல்லை.

இசை நுட்பப்படி இது எளிதான அமைப்பல்ல. ஐரோப்பிய அறையிசையில் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி எழுதப்பட்டிருக்கும். குரல்கள் ஒன்றையொன்று தாங்கி நகரும். நம் இசையில் மூவருக்கும் ஒரே வரி. ஒருவரின் காந்தாரம் மற்றவரின் காந்தாரத்தைவிட நூலளவு அதிகம் அசைந்தாலும் கேட்பவருக்குக் கலங்கலாகத் தெரியும். வில்லைத் திருப்பும் இடம்கூட ஒத்திருக்க வேண்டும். ஆலாபனையைப் பங்கிட்டுக்கொள்வது, ஒருவர் விரிக்கும்போது மற்றவர்கள் ஷட்ஜத்தில் நிற்பது, ஒரே சங்கதியை வெவ்வேறு ஸ்தாயியில் வாசிப்பது, கற்பனைஸ்வரத்தை வட்டமாகச் சுற்றவிடுவது ஆகியவைதான் இதில் உள்ள வழிகள். ஒரே குருவிடம், ஒரே வீட்டில், ஒரே பாடாந்தரத்தில் வளர்ந்தவர்களுக்கே இது கைகூடும்.

இதே சிக்கலுக்கு லால்குடி ஜெயராமன் 1966இல் வேறொரு தீர்வு கண்டார். வயலினோடு என். ரமணியின் புல்லாங்குழலையும் திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமனின் வீணையையும் சேர்த்தார். வில், மூச்சு, மீட்டல் என்று நாதம் வேறுபடுவதால் ஒரே வரியை மூவரும் வாசித்தாலும் காது சலிக்காது. கமகத்தில் நூலளவு வேறுபாடு இருந்தாலும் அது நிறமாகக் கேட்கும். ரசிகர்கள் நினைவில் அதிகம் நின்றதும் அந்த மூவர்தான், அது நியாயமும்கூட. ஆனால் சகோதரர்கள் எடுத்துக்கொண்டது அதைவிடக் கடினமான கணக்கு.

ஒன்றாக இருந்தவர்கள் மூன்று தொழில்களாகப் பிரிந்தார்கள். சங்கர் 1960களின் முடிவில் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையியல் ஆய்வில் இறங்கினார். அங்கே தொடங்கிய நட்பு ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவாக வளர்ந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வந்தன. 1980இல் கென் பார்க்கருடன் சேர்ந்து 10 தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். டபுள் பாஸின் அடித்தளம் முதல் வயலினின் உச்சி வரை ஒரே ஆளின் கைக்குள் வந்தது. மூவர் சேர்ந்து நிரப்பிய ஸ்தாயிகளை ஒருவரே நிரப்பும் முயற்சி என்று அதைக் கொண்டால் தவறில்லை.

சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். பிறகு கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். 1974இல் ரவி சங்கரின் குழுவோடு, ஜார்ஜ் ஹாரிசனின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் வாசித்தார். 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்காக வேத ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட படைப்பை எழுதினார். ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு இசைத்தட்டு, மீரா நாயரின் படங்களுக்கு இசை என்று எல்லை விரிந்தது. 2025இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

மூத்தவர் வைத்தியநாதன் சென்னையிலேயே இருந்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து படவுலகில் நுழைந்தவர். உலகப் புகழ் என்ற அளவுகோலில் அவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. இந்தத் தரவரிசை எனக்கு உடன்பாடில்லை. பாரதியார் பாடல்களை மட்டுமே கொண்ட ‘ஏழாவது மனிதன்’ (1982), வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987), சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாட்டுக்குத் துணை, காட்சிக்குப் பேச்சு, ஊருக்கு முகவரி என்று இசை ஏற்கும் மூன்று வேலைகளையும் அவர் கையாண்டது விளங்கும். பேசாத படத்தில் இசை பக்கவாத்தியமாக இருக்க முடியாது. தந்தையின் வாதத்தை அதிகம் பேரிடம் கொண்டுசேர்த்தவர் அவர்தான். 2007 மே மாதம் காலமானார்.

லட்சுமிநாராயணா 1990இல் மறைந்தார். அவர் பெயரில் சுப்ரமணியம் 1992இல் தொடங்கிய இசைவிழா பல நாடுகளுக்குச் சென்றுவருகிறது. இலங்கைப் பக்கத்தில், குடும்பம் சென்ற இரண்டு ஆண்டுகளில், இராமநாதனின் மருமகன் சு. நடேசனின் முயற்சியால் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் உட்பட அக்கரை வித்துவான்கள் அங்கே பொறுப்பேற்றார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து பழைய போட் மெயில் பாதை முடிந்த பிறகும் ஆசிரியர் வரவு தொடர்ந்தது; 1970களின் நடுவில் கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. சந்தானத்தின் ஆண்டுகளை யாழ்ப்பாண இசை வரலாறு தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையில் வந்து, மூன்று பிள்ளைகளை அங்கேயே வளர்த்துவிட்டுப் போன வயலின் ஆசிரியருக்கு அந்தக் கணக்கில் இன்னும் பக்கம் ஒதுக்கப்படவில்லை.