ஊர் திரும்பிய காவியம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரம், பால்கோவா என்றுதான் சொல்கிறோம். 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகமும் அங்கேதான் இருக்கிறது. அன்றைய திருநெல்வேலி கலெக்டர் பெயரைத் தாங்கிய பொது நூலகம். சென்னையில் கன்னிமாரா திறந்தது 1896-இல். பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். அதுவரை இந்த ஊர் காத்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த ஊர் ராஜபாளையம், பஸ்ஸில் அரை மணி நேரம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் ராஜுக்கள் நிறைந்த ஊர். அங்கே பிறந்த மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008) பிராகிருதம், பாலி வரை கற்ற பன்மொழிப் புலவர். 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’வைத் தமிழாக்கினார், சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். ஆண்டாளின் காவியம், நானூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பக்கத்து ஊர்க்காரர் கையால் தமிழில் ஊர் திரும்பியது.

இந்த மாதிரி உழைப்புக்குச் சந்தையில் என்ன விலை? பிராகிருதக் கவிதையைத் தமிழில் கேட்டு எத்தனை பேர் கடைக்கு வருவாங்க? அப்படி எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது, உட்கார்ந்து கேட்க உள்ளூரில் நாலு பேர். ராஜபாளையத்தில் மணிமேகலை மன்றம் போன்ற அமைப்புகள் அந்த நாலு பேரைச் சேர்த்துக் கொடுத்தன.

இன்று சின்ன ஊரில் புத்தகக்கடை போடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அலமாரிகளுக்கு நடுவே பத்து நாற்காலிக்கு இடம் விடுங்கள். மாசம் ஒருநாள் உள்ளூர் எழுத்தாளரைப் பேச விடுங்கள். கேட்க ஆளில்லாத ஊரில் எழுதுகிறவர் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவார், இல்லையென்றால் எழுதுவதையே விட்டுவிடுவார்.