தன்னைத் தானே எடை போடுவது - ஒரு குட்டி வரலாறு

போன வாரம் தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கிட்டா எவ்வளவுப்பா போடுவீங்க?" அவர் கையை நிறுத்தாமலே, "எதுக்குடா? கோர்வை போடறதுக்கா, கணக்கு வழக்குக்கா?" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இதே விஷயத்தை 1890-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதியிருக்கிறார். தன்மதிப்புக்கு அவர் ஒரு வாய்ப்பாடே கொடுத்தார்: சாதித்ததை, சாதிக்க ஆசைப்பட்டதால் வகுக்க வேண்டும். நம்ம அக்கவுண்ட்ஸ் ரேஷியோ மாதிரியேதான் :-) ஆசையைக் குறைத்தாலும் விடை கூடும். தன்னையே உதாரணமாகவும் சொன்னார். உளவியலில் யாராவது தன்னை மிஞ்சினால் அவருக்குத் தாங்காது. கிரேக்க மொழி தெரியாததில் துளியும் வெட்கமில்லை. எதைப் பந்தயமாக வைத்திருக்கிறோமோ அதில்தான் மதிப்பு.

1965-ல் மாரிஸ் ரோசன்பர்க் வந்தார். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் 5,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, பத்தே வாக்கியங்களில் ஓர் அளவுகோல் செய்தார். ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று டிக் அடித்தால் மொத்தமாக ஒரு எண் கிடைக்கும். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். வசதியான கருவி. ஆனால் அப்பா கேட்ட "எதுக்குடா?" அதில் இல்லை.

எண் கிடைத்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? 1986-ல் கலிபோர்னியாவில் ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால், தன்மதிப்பை வளர்க்க ஒரு குழுவே அமைத்தார்கள். தன்மதிப்பு கூடினால் குற்றம், போதை, படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்ற நம்பிக்கை. 2003-ல் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், நல்ல மார்க் வாங்கியதால் தன்மதிப்பு கூடுவதுதான் அதிகம். தன்மதிப்பு கூடியதால் மார்க் ஏறியதாகப் பெரிய ஆதாரம் இல்லை. (2022-ல் ஆர்த், ராபின்ஸ் இருவரும், சிறிய அளவில் பலன் உண்டுதான் என்று மறுபடி வாதாடினார்கள். சண்டை ஓயவில்லை.)

எனக்கு இதில் இடித்தது வேறு. இவர்கள் எல்லோரும் தனி மனிதனின் மண்டைக்குள்ளேயே தேடினார்கள். இங்கே 1925-ல் பெரியார் சுயமரியாதை இயக்கம் தொடங்கியபோது கேள்வியே வேறு. ஒருவன் தன்னைத் தாழ்வாக நினைக்கிறான் என்றால், அந்தத் தராசை அவன் கையில் கொடுத்தது யார்? 1927 இறுதியில் பெரியார் தன் பெயருக்குப் பின்னால் இருந்த நாயக்கர் பட்டத்தை விட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானமே போட்டார்கள். தேறவேண்டியது ஆள் அல்ல, அளவுகோல் என்பது அதன் அர்த்தம். எந்த உளவியல் பாடப்புத்தகத்திலும் இதைச் சேர்க்கலாம் என்பேன்.

ஆய்வுக்காரர்கள் இந்தப் பக்கம் வர நாளாயிற்று. உத்தரப் பிரதேச கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களை வைத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த சோதனை 2006-ல் வெளியானது. காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தீர்த்தால் காசு. சாதி பற்றிப் பேச்சே எடுக்காதபோது எல்லாப் பையன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போட்டார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் அப்பா, தாத்தா பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் படித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிட்டது. அதே மாதிரிப் பையன்கள், அதே மாதிரி மூளை.

படித்ததும் பி.காம் முதல் நாள் வகுப்பு ஞாபகம் வந்தது. வரிசையாக எழுந்து பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தொழிலைச் சொன்னாலே மீதி தெரிந்துவிடும். ஆரணிப் பட்டு என்றால் ஊரே பெருமைப்படும். நான் "டெக்ஸ்டைல்ஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.