டர்போ காரில் 'ரீமேப்' பண்ணி கொடைக்கானல் ஏறலாமா? வாரண்டி என்ன ஆகும்?

சின்ன டர்போ காரை 'ரீமேப்' செய்தால் மலைப்பாதையில் சும்மா பறக்கும் என்கிறார்கள். உண்மை என்ன?

ரீமேப் என்றால்?
இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவின் மென்பொருளை மாற்றுவது. டர்போவின் காற்றழுத்தம் கூடும், பவர் எகிறும்.

மலையில் என்ன சிக்கல்?
கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். ரீமேப் செய்த காரில் இந்தச் சுமை மேலும் ஏறும். டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் அடி வாங்கலாம்.

வாரண்டி கிடைக்குமா?
இப்படி மாற்றியதால் வரும் பழுதுக்கு நிறுவனங்கள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. 'சர்வீஸுக்கு முன்னாடி பழைய மென்பொருளை ஏத்திடலாம்' என்ற கணக்கும் எடுபடாது. எத்தனை முறை மாற்றினார்கள் என்ற பதிவு பல கார்களில் ஈசியுவிலேயே இருக்கும்.

சட்டம்?
மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏற்றத்தில் வண்டி திணறுதா? முதல்ல கியரைக் குறைச்சுப் பாருங்க. அதுக்குச் செலவே இல்லை!