அலிப்பூர் வாக்குமூலங்கள்
முஸபர்பூரில் இரு ஆங்கிலேய மாதரின் உயிரைக் குடித்த குண்டு வெடித்த இரண்டு நாள் கழித்து, 1908 மே 2ஆம் தேதி விடியற்காலையில், கல்கத்தாவின் முராரிபுகூர்த் தோட்டத்தில் பிடிபட்ட புரட்சியாளர் பாரீந்திரகுமார் கோஷ், நிரபராதிகளும் தம்மோடு தண்டனை அடையலாகாதென்று கருதி, மாஜிஸ்திரேட் பர்லியின் முன்னிலையில் யாவற்றையும் ஒப்புக்கொண்டார். போலீஸாரிடம் சொல்லும் ஒப்புதலை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஏற்காமையால், மாஜிஸ்திரேட்டின் பேனாவே அக்காலத்துக் காமிராவாயிற்று. ஒப்புதலை வக்கீல் உடனிருக்க ஒளிப்பதிவு செய்யலாமென்ற விதி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே, 2009இல், அமலுக்கு வந்தது.

பாரீந்திரர் முதலியோர் மீதான வழக்கில் அப்ரூவரான நரேன் கோஸ்வாமியை ஆகஸ்டு 31இல் அலிப்பூர்ச் சிறைக்குள்ளேயே சத்தியேந்திரநாத் போஸுடன் சேர்ந்து சுட்டுக்கொன்ற கனாயிலால் தத்தர், செய்ததை மறைக்கவுமில்லை, அப்பீலுக்கு இசையவுமில்லை. கொலையைப் புகழ என் மனம் ஒருப்படவில்லை. அந்தச் சத்தியத்தை வணங்காமலிருக்கவும் இயலவில்லை. நவம்பர் 10இல் தூக்கிலிடப்பட்ட அவருடைய அந்திமயாத்திரையில் திரண்ட ஜனசமுத்திரத்தைக் கண்டு அஞ்சிய சர்க்கார், பதினொரு நாள் கழித்துத் தூக்கிலிடப்பட்ட சத்தியேந்திரரின் உடலைச் சிறைக்குள்ளேயே தகனம் செய்வித்தது.