துரோகி ஆட்டங்கள்

எல்லோரும் ஒரே அணி என்று சொல்லிக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த அணிக்குள் ஒருவரோ இருவரோ மற்றவர்களுக்குத் தெரியாமல் குழி பறிக்கும்படி அமைந்த பலகையாட்டங்கள் துரோகி ஆட்டங்கள் எனப்படுகின்றன. யார் துரோகி என்பதை ஆளுக்கொன்றாகக் கவிழ்த்துத் தரும் சீட்டு தீர்மானிக்கும். சீட்டைக் காட்டக்கூடாது என்பதுதான் விதி. வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடும் ‘ராஜா, ராணி, போலீஸ், திருடன்’ இதற்குத் தூரத்து உறவு. அங்கே போலீஸ் முகத்தைப் பார்த்தே திருடனைச் சொல்ல வேண்டும். திருடன் எதையும் திருடுவதில்லை. ஆகவே தடயமும் இல்லை. துரோகி ஆட்டத்தில் திருடன் உண்மையாகவே திருடுகிறான். திருட்டு எல்லோர் கண்முன்னும் நடக்கிறது, கை மட்டும் தெரிவதில்லை.

இவ்வகைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் மாணவராக இருந்த திமித்ரி தவிதோவ் 1980களில் உருவாக்கிய ‘மாஃபியா’. அதை 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். இரவில் எல்லோரும் கண்ணை மூட, ரகசியக் கூட்டம் ஒருவரைத் தீர்த்துக்கட்டும். பகலில் ஊர் கூடி வாக்களித்து ஒருவரை வெளியேற்றும். வெளியேறியவர் மீதி நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். பேச்சையும் வாக்கையும் தவிர ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து ஆட்டத்தையே எதிர்த்து ஆடும் கூட்டு ஆட்டங்கள். ரெய்னர் நிட்சியாவின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (2000) அதற்கு நல்ல உதாரணம். இவற்றில் ஒரு பழைய தொல்லை உண்டு: அனுபவசாலி ஒருவர் எல்லோருக்கும் உத்தரவு போட்டு, ஐந்து பேர் ஆட்டத்தைத் தனியாக ஆடி முடித்துவிடுவார். மேசையில் ஒரு துரோகி இருக்கலாம் என்றவுடன் அந்த அதிகாரம் போய்விடுகிறது. யோசனை சொல்பவரின் மேலேயே முதல் சந்தேகம் விழும்.

இவ்விரண்டையும் இணைத்த ஆட்டங்களில் முதலில் பெயர் பெற்றவற்றுள் ஒன்று செர்ஜ் லாஜே, புரூனோ கதாலா இருவரும் வடிவமைத்து 2005இல் டேஸ் ஆஃப் வொண்டர் வெளியிட்ட ‘ஷேடோஸ் ஓவர் கேமலாட்’. ஆட்டக்காரர்கள் ஆர்தர் மன்னரின் வட்டமேசை வீரர்கள். முயற்சிகள் வென்றால் மேசையில் வெள்ளை வாள், தோற்றால் கறுப்பு வாள். பன்னிரண்டு வாள்கள் சேரும்போது வெள்ளை மிகுந்திருக்க வேண்டும். இதன் சாமர்த்தியம் சீட்டுக் கணக்கில் இருக்கிறது. எட்டுச் சீட்டுகளில் ஒன்றே துரோகியுடையது. ஐந்து பேர் ஆடினால் மூன்று சீட்டுகள் பெட்டியிலேயே தங்கும். எட்டுக்கு மூன்று வாய்ப்பில் துரோகியே கிடையாது. ஆனாலும் சந்தேகம் குறையாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தம் முறையின் தொடக்கத்தில் ஒரு தீமையைச் செய்தே ஆக வேண்டும்: கறுப்புச் சீட்டு எடுப்பது, கோட்டையைச் சுற்றி முற்றுகைப் பொறி வைப்பது, தன் உயிரில் ஒரு புள்ளி இழப்பது. நல்லவரும் கெட்டது செய்கிறார். எந்தக் கெட்டதைத் தேர்ந்தார் என்பதுதான் கேள்வி. தவறாகக் குற்றம் சாட்டினால் ஒரு வெள்ளை வாள் கறுப்பாகும். கடைசிவரை பிடிபடாத துரோகி இரண்டு வெள்ளை வாள்களைக் கறுப்பாக்குவான். குறை, பதுங்கியிருக்கும்வரை துரோகிக்குச் செய்ய அதிக வேலை இல்லை என்பது. கொஞ்சம் மந்தமாக ஆடினாலே போதும்.

அந்தக் குறையை நிரப்பியது கோரி கொனியெச்கா வடிவமைத்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ (2008, ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ்). அதே பெயரிலான தொலைக்காட்சித் தொடரைத் தழுவியது. மனித குலத்தின் எச்சம் சில விண்கலங்களில் தப்பி ஓடுகிறது. மனித உருவிலான சைலான்கள் என்ற எதிரிகள் அவர்களுக்குள்ளேயே கலந்திருக்கிறார்கள். எரிபொருள், உணவு, மன உறுதி, மக்கள்தொகை ஆகிய நான்கில் ஒன்று தீர்ந்தாலும் மனிதர்களுக்குத் தோல்வி.

இந்த ஆட்டத்தின் உயிர் அதன் நெருக்கடிச் சோதனையில் இருக்கிறது. ஒரு நெருக்கடி வரும். அதைத் தாண்ட இத்தனை புள்ளி வேண்டும், இன்ன நிறச் சீட்டுகள் கூட்டும், மற்ற நிறங்கள் கழிக்கும். எல்லோரும் தம் சீட்டுகளைக் கவிழ்த்துப் போடுவார்கள். என்ன மதிப்புள்ள சீட்டு என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. “கொஞ்சம் உதவலாம்” என்கிற அளவில்தான் பேச்சு. பிறகு ‘விதிக் கட்டு’ என்ற தனிக்கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளைப் பார்க்காமல் சேர்த்துக் குலுக்குவார்கள். அந்த இரண்டு சீட்டுகள்தான் துரோகியின் போர்வை. கெடுக்கும் நிறத்தில் இரண்டு சீட்டுகள் விழுந்தால் விதியின் மேல் பழி போடலாம். மூன்று விழுந்தால் மேசையில் ஒரு மௌனம் வரும்; ஒன்றாவது மனிதக் கையிலிருந்து வந்திருக்க வேண்டும். விதிக் கட்டில் ஐந்து நிறத்துக்கு இரண்டிரண்டாகப் பத்துச் சீட்டுகளே இருக்கும். தீர்ந்த பிறகுதான் புதிதாகக் கட்டுவார்கள். எனவே எண்ணிக்கொண்டே வருபவர், “இந்தக் கட்டில் சிவப்பு இரண்டும் ஏற்கெனவே போய்விட்டதே” என்பார். எந்தப் பாத்திரம் எந்த நிறச் சீட்டு எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் அங்கிருந்து ஆள் ஆளாக நகரும்.

கப்பல்கள் அடுத்து எங்கே பாய்வது என்பதை அட்மிரல் பதவியில் இருக்கும் ஆட்டக்காரர் முடிவு செய்வார். இரண்டு சீட்டுகளைத் தனியாகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வார். எரிபொருளைத் தின்னும் இடம் வாய்த்தால், “இன்னொன்று இதைவிட மோசம்” என்று சொல்வார். உண்மையாகவும் இருக்கலாம். நல்லவருக்கும் துரோகிக்கும் ஒரே வசனத்தைக் கொடுத்துவிடுவதுதான் இவ்வகை ஆட்டத்தை வடிவமைப்பவரின் முக்கிய வேலை.

பாதி வழியில், யார் சைலான் என்று சொல்லும் சீட்டு மறுபடியும் பகிரப்படும். இதுவரை உயிரைக் கொடுத்து ஆடியவர், தானே சைலான் என்று அப்போதுதான் அறியலாம். ஐந்து பேர் ஆட்டத்தில் இரண்டு சைலான் சீட்டுகள் எப்படியும் வெளியே வரும். எப்போது, யாருக்கு என்பதே புதிர். பிடிபட்டவரைச் சிறையில் போடலாம், அங்கிருந்து ஒரு சோதனைக்கு ஒரு சீட்டுக்கு மேல் போட முடியாது. ஆனால் சைலான் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு எதிரிக் கப்பலுக்குப் போய் அங்கிருந்தே ஆடுவான். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நான்கு பேரும் ஆறு பேரும் ஆடும்போது சேரும் ‘அனுதாபி’ சீட்டு மட்டும் அவ்வளவு சரியாக வரவில்லை. ஏதாவது ஒரு வளம் பாதியிலோ அதற்குக் கீழோ இருந்தால் அனுதாபி மனிதர் பக்கமே நிற்பார் என்பதால், ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே ஒன்றைத் தாழ்த்தி வைப்பார்கள். இந்த ஆட்டம் அச்சில் நின்றுபோன பின், 1913இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலைக் களமாக்கி ‘அன்ஃபாதமபிள்’ (2021) என்ற பெயரில் இதே அமைப்பு திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வேண்டிய மூன்று மணி நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. டான் எஸ்கிரிட்ஜ் வடிவமைத்த ‘தி ரெசிஸ்டன்ஸ்’ அரை மணியில் முடியும். ஐந்து முதல் பத்துப் பேர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உளவாளி. தலைவர் குழுவை முன்மொழிய, எல்லோரும் வெளிப்படையாக வாக்களிப்பார்கள். குழுவில் உள்ளவர்கள் ரகசியமாக வெற்றிச் சீட்டோ தோல்விச் சீட்டோ போடுவார்கள். ஐந்து பணிகளில் மூன்று தோற்றால் உளவாளிகளுக்கு வெற்றி. இங்கே விதிக் கட்டு இல்லை. தோல்விச் சீட்டு விழுந்தால் அது ஐயமின்றித் துரோகம். போர்வை வேறிடத்தில் இருக்கிறது: யார் எந்தக் குழுவை ஆதரித்தார் என்பதற்கு நூறு காரணம் சொல்லலாம். இதன் மறுவடிவமான ‘அவலான்’ (2012) இன்னும் கூர்மையானது. நல்லவர்களில் மெர்லின் என்ற பாத்திரத்துக்குத் துரோகிகள் யார் என்று தெரியும். ஆனால் நல்லவர்கள் வென்ற பிறகும், துரோகிகளில் ‘கொலையாளி’யாக இருப்பவர் மெர்லினைச் சரியாகக் காட்டிவிட்டால் வெற்றி கைமாறும். உண்மை தெரிந்தவரே மழுப்பிப் பேச வேண்டியிருக்கிறது. என் கணிப்பில், இவ்வகையில் இதுவரை வந்த மிகச் சிக்கனமான கண்டுபிடிப்பு இதுதான்.

‘சீக்ரெட் ஹிட்லர்’ (2016) ஆட்டத்தில் போர்வை மறுபடியும் சீட்டுக்கட்டில் இருக்கிறது. அதில் பதினேழு கொள்கைச் சீட்டுகள். ஆறு தாராளவாதம், பதினொன்று பாசிசம். குடியரசுத் தலைவர் மூன்றை எடுத்து ஒன்றைத் தள்ளி, இரண்டைச் சான்சலரிடம் கொடுப்பார். அவர் ஒன்றை நிறைவேற்றுவார். முதலில் எடுக்கும் மூன்றும் பாசிசமாக இருக்க ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. “மூன்றுமே அதுதான் வந்தது, நான் என்ன செய்ய” என்பவரை அதனால் சட்டென்று பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

‘டெட் ஆஃப் வின்டர்’ (2014) வேறு வழியில் போகிறது. ஆளுக்கு இரண்டு சாதாரண ரகசிய இலக்குகள், மொத்தத்துக்கு ஒரு துரோக இலக்கு என்று கலந்து, ஆளுக்கொன்று தருவார்கள். நான்கு பேர் ஆடினால் துரோகி இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் நான்கு. ஆனால் நல்லவருக்கும் தனி ஆசை உண்டு. பட்டினியில் கூட்டம் தவிக்கையில் அவர் எரிபொருளைப் பதுக்குவார். அது துரோகமா, வெறும் சுயநலமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. 2004இல் வந்த ‘பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் த ஹில்’ பெயரில் துரோகம் இருந்தாலும் அதில் துரோகி பெரும்பாலும் ஒளிவதில்லை. பாதியில் கதை திரும்பும்போது வெளிப்படையாக எதிரணிக்குப் போய்விடுவார்.

இந்த ஆட்டங்கள் எல்லாமே ஆட்களை நம்பியவை. முதன்முறை ஆடுபவர் கையில் துரோகிச் சீட்டு விழுந்தால், “இந்தச் சீட்டை இப்படிப் போடலாமா?” என்று ஒரு சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டதும் ஆட்டம் முடிந்தது. அதனால் பழகிய குழுக்கள் சீட்டைப் பகிரும் முன்பே துரோகிக்குரிய விதிகளையும் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகின்றன. விதிப் புத்தகத்தை மேசை நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம் என்று சொல்லிவிடுகின்றன.