அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

போன மாதம் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இருந்த பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு ஒரு எல்இடி விளக்கு மாட்டினேன். நன்றாகத்தான் எரிந்தது. பிரச்சினை, அணைத்த பிறகும் எரிந்தது! ராத்திரி முழுக்க மின்மினி மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம். "என்னடா இது, காத்து கருப்பு ஏதாவதா?" என்றார் பெரியம்மா. கடைக்காரர் "பல்புல கோளாறு சார்" என்று வேறொன்று தந்தார். அதுவும் மினுக்கியது.

சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மற்ற அறைகளிலும் அப்படியே. மூன்று துளை பிளக்கில் வலப்பக்கம் வரவேண்டிய ஃபேஸ் இடப்பக்கம் வந்தது. அப்போதுதான் மெயின் போர்டைத் திறந்தேன். சிவப்பு வயருக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ், கருப்பு வயருக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ். டெஸ்டர் எரிந்தது கருப்பில்! எப்போதோ சர்வீஸ் வயர் மாற்றியபோது யாரோ இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலுள்ள எல்லா சுவிட்சும் நியூட்ரலைத்தான் துண்டித்துக்கொண்டிருந்தன.

சரி, நியூட்ரலுக்கு எதற்கு ஃபியூஸ்? இதற்குப் பதில் தேடினால் நேர்மின்சாரக் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1882-ல் நியூயார்க்கில் பேர்ல் தெருவிலிருந்து எடிசன் கொடுத்தது நேர்மின்சாரம். 1899-ல் கல்கத்தாவில் எமாம்பாக் லேன் மின்நிலையம் கொடுத்ததும் அதுவே. தரையோடு இணைக்கப்படாத இரண்டு கம்பிகள் வீட்டுக்குள் வந்தால், எது ஆபத்தான கம்பி என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு செம்பை மிச்சம் பிடிக்க மூன்று கம்பி முறை வந்தது. நடுக்கம்பி பொது, ஒரு வீட்டுக்கு அதோடு பாசிட்டிவ், பக்கத்து வீட்டுக்கு அதோடு நெகட்டிவ். நடுக்கம்பியைத் தரையோடு இணைத்தாலும், உங்கள் வீட்டில் ஷாக் அடிக்கும் கம்பி பக்கத்து வீட்டில் அடிக்கும் கம்பி அல்ல. இரண்டு பக்கமும் ஃபியூஸ் போடுவது அன்று புத்திசாலித்தனம்.

மாறுமின்சாரம் வந்து, டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலைத் தரையோடு கட்டிய பிறகு கணக்கு தலைகீழானது. இப்போது நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீடே இருண்டுவிடும். ஆனால் ஒவ்வொரு ஹோல்டரிலும் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைப்பவர் கதி? 1956-ன் இந்திய மின்சார விதிகளில் 32-ஆம் விதி இதைத்தான் தடுத்தது: ஃபேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சைத் தவிர, தரையோடு இணைந்த நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ இருக்கக்கூடாது. விதி மாறியது, மேஸ்திரியிடமிருந்து சீடன் கற்ற கைப்பழக்கம் அத்தனை சீக்கிரம் மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பீங்கான் இருந்ததால் வயர் இடம் மாறியதும் யார் கண்ணிலும் படவில்லை.

குண்டு பல்பு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? 60 வாட் பல்புக்குக் கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது, பக்கம் பக்கமாக ஓடும் வயர்களுக்கிடையே கசிவது ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்காது. இழை அதை லட்சியமே செய்யாது. எல்இடிக்கு அதுவே தாராளம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. பொங்கலுக்குப் பொங்கல் பெரியம்மா ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் ஒவ்வொரு ஹோல்டரையும் துடைப்பார். "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானேடா துடைக்கிறேன்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வயர்மேன் வந்தார். கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கவைத்து, இரண்டு வயரையும் இடம் மாற்றினார். நியூட்ரல் பீங்கானை எடுத்துவிட்டு லிங்க் போட்டார். அப்படியே ஒரு ஆர்சிசிபியும் மாட்டச் சொன்னேன்.

கூடத்து விளக்கு இப்போது முழுசாக அணைகிறது. வாசல் விளக்கு மட்டும் இன்னும் மினுக்குகிறது. அந்த சுவிட்சில் ஒரு சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் உண்டு. அதன் வழியாகக் கசிவதுதான். சாதா சுவிட்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.