சைகை மொழி பழகினால் குழந்தைக்குப் பேச்சு வராதா? காது கேளாத குழந்தையின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தைக்கு ஒரு வயது நெருங்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தாலும் தூக்கம் கலையவில்லை. பெரா பரிசோதனை எடுக்கிறீர்கள். இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் குறைபாடு என்று ரிப்போர்ட் வருகிறது.

அதற்கடுத்த நாட்களில் யாராவது ஒருவர் உங்களிடம் இதைச் சொல்லக்கூடும்: "சைகை மட்டும் பழக்கிடாதீங்க, அப்புறம் பேச்சே வராது."

இது உண்மையா? சுருக்கமான பதில்: சைகை மொழி பேச்சைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காமல் முதல் சில ஆண்டுகள் கழிந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

முதல் சில ஆண்டுகள் ஏன் முக்கியம்?

கேட்கும் திறனுள்ள குழந்தை கருவில் இருக்கும்போதே அம்மாவின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு அந்தத் தொடக்கம் இல்லை. அதனால்தான் ஒரு மாதத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்ற '1-3-6' இலக்கை மருத்துவ உலகம் பின்பற்றுகிறது. அந்தக் கெடு தாண்டிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இன்றே தொடங்கலாம்.

மொழி காது வழியாக வருகிறதா, கண் வழியாக வருகிறதா என்று மூளை பேதம் பார்ப்பதில்லை. சைகை மொழி புழங்கும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள், மற்ற குழந்தைகள் 'பா பா' என்று மழலை பேசும் பருவத்தில், கைகளாலேயே மழலை பேசுகிறார்கள் என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது.

காக்ளியர் இம்பிளான்ட் இருக்கும்போது சைகை எதற்கு?

இம்பிளான்ட், மூக்குக் கண்ணாடி போல மாட்டியதும் பலன் தருவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை ஆன் செய்வார்கள். பிறகு பலமுறை 'மேப்பிங்', பல ஆண்டு ஸ்பீச் தெரபி. பலனும் குழந்தைக்குக் குழந்தை மாறும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றுவது வழக்கம். பேட்டரி தீர்ந்தால் ஒலியும் நின்றுவிடும்.

சைகையை ரிப்போர்ட் வந்த அன்றே தொடங்கலாம். அதற்காக ஹியரிங் எய்டையோ இம்பிளான்டையோ தெரபியையோ தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதில் விவாதம் இருக்கிறது. இம்பிளான்ட் பொருத்திய குழந்தைகளில், வீட்டில் சைகை பயன்படுத்தாதவர்களின் பேச்சு சிறப்பாக இருந்ததாக 2017-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்தக் குடும்பங்கள் எந்த வகைச் சைகையை, எவ்வளவு சரளமாகப் பயன்படுத்தின என்பது தெளிவாக இல்லை என்று விமர்சகர்கள் கேட்டார்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: சைகையால் பேச்சு தாமதமானதா, பேச்சு தாமதமானதால் குடும்பம் சைகைக்கு வந்ததா?

அதன் பிறகு வந்த தரவுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஆறு மாதத்துக்குள் அமெரிக்க சைகை மொழி அறிமுகமான குழந்தைகளுக்கு, பெற்றோர் காது கேட்பவர்களாக இருந்தாலும், வயதுக்கேற்ற சொல்வளம் வளர்ந்ததை 2021 ஆய்வு கண்டது. சைகை கற்பது பேச்சு மொழியைப் பாதிக்கவில்லை என்றது 2023 ஆய்வு.

இந்திய சைகை மொழி, கையால் பேசும் தமிழா?

இல்லை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. "நீ எங்கே போற?" என்பது அதில் 'நீ – போ – எங்கே' என்ற வரிசையில் வரும். புருவமும் முகமும் கூட இலக்கணத்தின் பகுதி. அதனால் ஒரே நேரத்தில் வாயால் தமிழும் கையால் சைகையும் என்று முயன்றால் ஏதாவது ஒன்று உடையும். முதலில் சைகையில் சொல்லிவிட்டு, பிறகு பேசுங்கள்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

• குழந்தை உங்களைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். தோளை மெல்லத் தொடலாம், லைட்டை அணைத்துப் போடலாம்.
• பொம்மையையும் உங்கள் கையையும் குழந்தையால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பொம்மையைப் பார்க்க விடுங்கள், திரும்பியதும் சைகை செய்யுங்கள்.
• பால், இன்னும், போதும், வலி, தாத்தா என அன்றாடச் சொற்களில் ஆரம்பியுங்கள்.
• பெங்களூரிலோ புனேயிலோ இருந்தாலும், உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். அது தமிழ் என்றால் தமிழ்தான்.
• அம்மா மட்டும் கற்றால் போதாது. அப்பா, தாத்தா, பாட்டி என வீட்டில் இருக்கும் எல்லோரும் கற்க வேண்டும்.
• காது கேளாத பெரியவர்களுடன் பழக வையுங்கள். சரளமான சைகை அவர்களிடம்தான் இருக்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-இல்தான் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. வீடியோக்களை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

இம்பிளான்ட்டுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டமும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உதவுகின்றன. இரண்டிலும் வயது வரம்பு உண்டு என்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளி விஷயத்தில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-வது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. காது கேளாத குழந்தைக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது அது. ஆனால் சைகை மொழி சரளமாகத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதை, சேர்ப்பதற்கு முன் நேரில் போய் வகுப்பைப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். குழந்தை புரிந்துகொள்ளும் சொற்களையும் தானாகச் சொல்லும் சொற்களையும், பேச்சு, சைகை இரண்டையும் சேர்த்து, மாதாமாதம் எண்ணி எழுதுங்கள். அடுத்த முறை ஆடியாலஜிஸ்ட்டைப் பார்க்கும்போது அதை எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணிக்கை இரண்டு மூன்று மாதமாக ஏறவில்லை என்றால், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.